நீலகிரிக்கு விருந்தாளியாகப் போவது எப்படி: காடுகள், பழங்குடி ஊர்கள், பாதைகள்

ஊட்டிக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சாக்லேட் கடை என்று ஒரே வட்டத்தில் சுற்றிவிட்டு இரண்டாம் நாள் மாலையே இறங்கிவிடுகிறார்கள். அதே பூங்காவின் மேல் கோடிக்கு ஏறினால் ஒரு தோடர் ஊர் இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏறுபவர்கள் குறைவு. ஏறுபவர்களிலும் பலர் ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டின் பட்டியலில் 37 பழங்குடிச் சமூகங்கள் உள்ளன. அவற்றில் ஆறு சமூகங்களை அரசு பண்டைய பழங்குடியினர் என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு பேருக்கும் நீலகிரியில் ஊர்கள் உண்டு. மலை வளைவு ஒன்றைத் தாண்டினால் மொழி மாறுகிறது, வீட்டின் வடிவம் மாறுகிறது, கும்பிடும் தெய்வம் மாறுகிறது. இவ்வளவு சிறிய மாவட்டத்துக்குள் இத்தனை உலகங்கள் இருக்கும்போது, அவற்றைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. ஆனால் "பார்க்க" என்று கிளம்பினாலே சிக்கலும் வந்துவிடுகிறது. அது மனிதர்கள் குடியிருக்கும் இடம், காட்சிக்கூடம் கிடையாது. ஆகவே ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்வோமோ அப்படியே இந்தப் பயணத்தையும் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எப்போது போவது, எதில் ஏறுவது, எங்கே தங்குவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலிருந்தே வந்துவிடும்.

1. கிளம்புவதற்கு முன்: யார் எங்கே இருக்கிறார்கள்

மலையை உயரத்தை வைத்துப் பிரித்துக்கொண்டால் எளிதில் புரியும். உச்சியில் இருக்கும் புல்வெளிப் பகுதி தோடர்களுடையது. அவர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய ஊருக்கு மந்து என்று பெயர். ஊட்டியைச் சுற்றிப் பல மந்துகள் உள்ளன. தலைகுந்தா அருகே இருக்கும் முத்தநாடு மந்து அவர்களுக்கு முக்கியமானது.

கோத்தர்கள் கைவினையில் தேர்ந்தவர்கள். மண்பாண்டம், இரும்பு வேலை, மர வேலை, இசை எல்லாம் அவர்களிடம் இருந்தன. அவர்களுக்கு மலை முழுவதும் சேர்த்து ஏழு ஊர்கள்தான். கோத்தகிரி, கீழ்கோத்தகிரி, திருச்சிகடி, சோலூர் கோக்கால் போன்றவை அவற்றில் சில. கேத்தி பக்கம் உள்ள கோத்தர் ஊர் ஒன்றுக்குக் கொல்லிமலை என்று பெயர். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரிவுகளிலும் அடர்ந்த காட்டோரங்களிலும் குறும்பர்கள் வாழ்கிறார்கள். அதற்கும் கீழே, கோத்தகிரியின் கிழக்குச் சரிவிலும் மசினகுடி பக்கமும் இருளர்கள். மேற்கே இறங்கிக் கூடலூர், பந்தலூர் போனால் பணியர், காட்டுநாயக்கர் ஊர்கள்.

இவர்களோடு படுகர்களையும் சேர்த்துத்தான் மலையைப் புரிந்துகொள்ள முடியும். பட்டியல் பழங்குடிகளில் அவர்கள் இல்லை. அந்தத் தகுதி வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. எண்ணிக்கையில் பெரிய சமூகம், விவசாயிகள். இன்று நீங்கள் பார்க்கும் சிறு தேயிலைத் தோட்டங்களில் பல அவர்களுடையவை. ஊர்ப்பெயர் 'ஹட்டி' என்று முடிந்தால் அது பெரும்பாலும் படுகர் ஊர்.

இந்தச் சமூகங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தவை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தோடர் எருமைகளின் நெய் மற்றவர்களுக்குப் போகும். கோத்தர் வனைந்த பானையும் அடித்த அரிவாளும் தோடருக்கும் படுகருக்கும் போகும். படுகர் நிலத்துத் தானியம் மற்ற வீடுகளுக்கு வரும். குறும்பர் காட்டிலிருந்து தேனும் மூங்கிலும் மருந்தும் கொண்டுவருவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர்கள் வந்து வாசிக்க வேண்டும். காசு பெரிதாகப் புழங்காமலேயே மலை முழுவதும் இப்படி ஓர் ஏற்பாடு நடந்தது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் ஏறி வந்ததற்குப் பிறகு நிலமும் சந்தையும் மாறின. அந்த ஏற்பாடும் மெல்லக் கலைந்தது. இதைத் தெரிந்துகொண்டு போனால், ஊட்டிச் சந்தையில் ஒருவர் பூவேலைச் சால்வையோடு நடப்பதும், கோத்தகிரிக் கடையில் தேன் பாட்டில் அடுக்கியிருப்பதும் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

2. எந்த மாதம்

மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சிக்காகவே போகிறீர்கள் என்றால் சரி. மற்றபடி அந்த மாதம் சாலையிலேயே பாதி நாள் போய்விடும். ஊர்க்காரர்களுக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே நாட்களில் கிழக்கே கோத்தகிரி ஓரளவு அமைதியாக இருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை கதை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடிக்கும், மண் சரியும், மலை ரயில் நிற்கும்.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும். காலையில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். விழாக்களும் இந்த நாட்களில்தான் வரிசையாக வருகின்றன. முத்தநாடு மந்தில் தோடர்களின் புத்தாண்டை ஒட்டிய விழா, கோத்தர் ஊர்களில் அவர்களுடைய தெய்வங்களான அய்யனோர், அம்மனோர் விழா, படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை எல்லாம் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறையே விடுவார்கள். பேரகணி என்ற படுகர் ஊரில் வெள்ளை உடை உடுத்திய ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். நாள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், போவதற்கு ஒரு வாரம் முன் தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டு நடை முக்கியம் என்றால் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை தவிர்த்துவிடுங்கள். காட்டுத்தீ அபாயத்தால் மலையேற்றப் பாதைகளை வனத்துறை அந்தக் காலத்தில் மூடிவிடுவது வழக்கம்.

குறிஞ்சிக்காக யாராவது இந்த ஆண்டே அழைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் அந்த வகை கடைசியாகப் பெருவாரியாகப் பூத்தது 2018-ல். அடுத்தது 2030. குறிஞ்சிக் குடும்பத்தில் வேறு பல வகைகளும் உண்டு. அவை இடையிடையே சில சரிவுகளில் பூக்கும், அவையும் அழகுதான். ஆனால் மலையே நீலமாகும் காட்சிக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும்.

3. இ-பாஸும் தண்ணீர் பாட்டிலும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அரசு இணையதளத்தில் கைப்பேசி எண், வண்டி எண், வரும் நாள், தங்கும் நாட்கள் கொடுத்தால் கிடைத்துவிடும், கட்டணம் இல்லை. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அதனால் கூட்டமான நாட்களில் கடைசி நிமிடத்தில் பாஸ் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இது தேவையில்லை. விதிகள் பருவத்துக்குப் பருவம் திருத்தப்படுகின்றன. கிளம்பும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் பிளாஸ்டிக். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்களோடு, கடையில் வாங்கும் சின்னத் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எல்லாம் இந்த மாவட்டத்தில் தடை. கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்த்து வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் குடிநீர் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள், நிரப்பிக்கொள்ளலாம். யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் உறை கிடப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்தத் தடை கெடுபிடியாகத் தோன்றாது.

4. ஏறும் வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு சாலைகள். ஒன்று பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டிக்கு. 14 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று குஞ்சப்பனை வழியாக நேராகக் கோத்தகிரிக்கு. சுமார் 33 கி.மீ. கோடைக் கூட்ட நாட்களில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் பழம் தேடிச் சாலைக்கே வரும். அந்த மாதங்களில் இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுங்கள்.

மைசூர் பக்கமிருந்து வந்தால் பந்திப்பூர், முதுமலை வழியாகக் கூடலூருக்கு வரலாம். அந்தக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஒரு குறுக்குச் சாலை உண்டு, 36 கொண்டை ஊசி வளைவுகள். தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. விபத்துகள் அதிகம் நடந்ததால் வெளி மாவட்ட வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் கூடலூர் சாலையிலேயே வாருங்கள். எந்தச் சாலையானாலும் ஏறும் வண்டிக்கு வழி விடுவது மலை வழக்கம். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

மலை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கி.மீ. குன்னூர் வரை 1899-ல் வந்தது, ஊட்டியை 1908-ல் எட்டியது, 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சுமார் 12 அடி போனால் ஒரு அடி உயரம். அவ்வளவு செங்குத்து. ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும், ஆனால் அந்த மந்த வேகத்தில்தான் காடு மாறுவது தெரிகிறது: அடிவாரத்துப் பாக்கு மரம், அப்புறம் மூங்கில், அப்புறம் தேயிலை, கடைசியில் யூகலிப்டஸும் ஊசியிலை மரமும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே பாருங்கள். கிடைக்காவிட்டால் குன்னூர் வரை பேருந்தில் போய் அங்கிருந்து ஊட்டி ரயிலில் ஏறலாம். பற்சக்கரப் பகுதி கிடைக்காது, ஆனாலும் நல்ல பயணம்.

5. தங்குமிடம்

ஊட்டியில் தங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு நாள் இருந்தால் கோத்தகிரியில் இரண்டு இரவும் கூடலூர் அல்லது மசினகுடிப் பக்கம் ஒரு இரவும் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி அமைதியான ஊர், மிதமான குளிர். கோத்தர், படுகர், குறும்பர், இருளர் ஊர்கள் எல்லாம் எட்டும் தூரம். கூடலூர்ப் பக்கம் போனால் மலையின் இன்னொரு முகம் தெரியும்: வெப்பம் கொஞ்சம் கூடும், மலையாளமும் கன்னடமும் காதில் விழும், வீட்டுக் கொல்லையில் மிளகும் காப்பியும் நிற்கும்.

மசினகுடியில் இடம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை மறித்துக் கட்டிய விடுதிகள் மீது உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், 2020-ல் வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்று தீர்ப்பானது. "ஜன்னலைத் திறந்தால் யானை" என்று விளம்பரம் செய்யும் இடத்தை விட்டு, ஊருக்குள் இருக்கும் உரிமம் பெற்ற வீட்டுத் தங்கலைத் தேர்ந்தெடுங்கள். இரவு சஃபாரி என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம்.

6. முதல் நாள் அருங்காட்சியகம், அதன் பிறகே ஊர்கள்

ஊட்டியிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே உள்ள அருங்காட்சியகத்தை முதல் நாளே பாருங்கள். ஒவ்வொரு சமூகத்தின் வீட்டையும் வளாகத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே கருவிகள், அணிகலன்கள், படங்கள். அரசு வேலை நாளில் போங்கள், விடுமுறையில் பூட்டியிருக்கலாம். இங்கே ஒன்றரை மணி நேரம் செலவழித்தால் ஊருக்குள் போய் அசட்டுக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது. வீட்டின் கதவு ஏன் இவ்வளவு சின்னது, இந்தக் கூடை எதற்கு, இந்தக் குழல் என்ன என்பதையெல்லாம் இங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

பிறகு ஊர். திடீரென்று போய் நிற்காதீர்கள். தங்குமிடத்துக்காரரிடமோ, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டியிடமோ, கோத்தகிரியில் 1993 முதல் பழங்குடி மக்களோடு வேலை செய்யும் கீஸ்டோன் அமைப்பினரிடமோ முன்கூட்டியே சொல்லி, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். ஊரில் துக்கம் இருக்கலாம், சடங்கு இருக்கலாம், அல்லது வெளியாட்களைப் பார்த்து அலுத்துப் போயிருக்கலாம். காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை.

தோடர் மந்தில்: பழைய வீடு பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரையோடு இருக்கும். பிரம்பு, மூங்கில், புல் கொண்டு கட்டியது; தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். இன்று பெரும்பாலான குடும்பங்கள் சாதாரண ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் வாழ்கின்றன. "பழைய மாதிரியே இல்லையே" என்று அவர்கள் முன்னால் வருத்தப்படாதீர்கள். நல்ல வீட்டில் வாழ அவர்களுக்கும் ஆசை உண்டு. ஊருக்குச் சற்றுத் தள்ளி, சுற்றிலும் கல் அடுக்கிய வளாகத்துக்குள் அதே வடிவில் நிற்பது அவர்களுடைய பால் கோயில். கோயில் எருமைகளின் பாலைப் பூசாரி அங்கே கடைகிறார். கோயில் கூரைக்கான புல் சதுப்பில் வளர்வது, எங்கும் கிடைப்பதில்லை. இந்தக் கோயிலை நெருங்காதீர்கள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, பெண்களுக்கு அறவே இல்லை. தூரத்திலிருந்தும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மேயும் எருமைகளிடமும் ஒதுங்கி நில்லுங்கள். பிறை போல விரிந்த கொம்புள்ள அவை, புதிய ஆளைக் கண்டால் தலையைத் தூக்கி முறைக்கும்.

பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பூவேலை செய்துகொண்டிருந்தால், உட்காரலாமா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். துணியில் கோடு எதுவும் போட்டிருக்க மாட்டார்கள், சட்டமும் கிடையாது. நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசியை விடுவார்கள். இத்தனை இழை தாண்டி ஒரு குத்து, அப்புறம் இத்தனை. தையலில் சிறு சுருக்கு விட்டு இழுப்பதால் பூ துணிமேல் புடைத்து நிற்கும். தடவினால் கைக்குத் தெரியும். பேசிக்கொண்டே செய்வார்கள், ஆனால் எண்ணிக்கை தப்பாது. முழுச் சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். இந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை கேட்டுவிட்டு "குறைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

கோத்தர் ஊரில்: கோயில் வளாகத்தைச் சுற்றி எல்லை இருக்கும். எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எதுவரை போகலாம் என்று அவர்களே சொல்வார்கள். மண்பாண்டம் வனைவது பெண்கள். இப்போது ஊருக்குச் சிலர்தான் செய்கிறார்கள். விழா நாளில் அழைப்பு கிடைத்தால் விடாதீர்கள். 'கொள்' என்னும் ஊதுகுழலும் தப்பட்டையும் சேர்ந்து ஒலிக்க, வெள்ளை உடுத்தி முதலில் ஆண்கள், அப்புறம் பெண்கள் வட்டமாக ஆடுவார்கள். நீங்கள் ஓரமாக நின்று கேளுங்கள். வட்டத்துக்குள் நுழைந்து காணொளி எடுப்பது அநாகரிகம்.

குறும்பர், இருளர் ஊர்களுக்குப் போகும் பாதை சில இடங்களில் ஜீப்பும் போகாத பாதை, நடக்க வேண்டும். கோடையில் தேன் எடுப்பார்கள். செங்குத்துப் பாறையில் மலைத்தேனீ கட்டிய பெரிய அடைகள். காட்டுக் கொடியில் திரித்த ஏணியை மேலே மரத்தில் கட்டிவிட்டு, நிலவில்லாத இரவில் ஒருவர் இறங்குவார். பச்சைத் தழையைப் புகைத்துத் தேனீயை விலக்குவார்கள். மேலே ஏணியைக் காவல் காப்பவர் பெரும்பாலும் மைத்துனர் முறை. அவ்வளவு நம்பிக்கை வேண்டிய வேலை. தேனீக்களிடம் பாட்டுப் பாடி மன்னிப்பு கேட்டுக்கொண்டுதான் அடையை அறுப்பார்கள். இதை நேரில் பார்க்கக் கூட்டிப் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஏறுபவர் உயிர் அந்தக் கொடியில் இருக்கும்போது வேடிக்கை பார்க்க ஆள் சேர்ப்பது சரியல்ல. பகலில் பெரியவர்களிடம் கதையாகக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள்.

குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுக்க வேண்டாம். அது கையேந்தும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஊர்ப் பள்ளிக்கு என்ன தேவை என்று ஆசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். காசு கொடுத்து ஆடச் சொல்வது, பாரம்பரிய உடை மாட்டிப் படத்துக்கு நிற்கச் சொல்வது இரண்டும் கூடவே கூடாது. முகம் தெரியும்படி எடுத்த படத்தை வலைத்தளத்தில் போடுவதானால் அதற்குத் தனியாக ஒரு சம்மதம் கேளுங்கள். அவர்களும் கைப்பேசியில் அதைப் பார்ப்பார்கள்.

7. காட்டுக்குள்

மேல் நீலகிரியின் இயற்கைக் காடு இரண்டு பகுதிகளால் ஆனது: மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலை, அவற்றுக்கு நடுவே விரிந்த புல்வெளி. மழை நீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது இந்த இரண்டும்தான். மாயாறும் பவானியின் கிளைகளும் வற்றாமல் இருப்பதற்கு இவையே காரணம். புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து வெள்ளையர் காலத்திலும் அதற்குப் பின்னும் சீகை, யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். அதனால் தோடர் எருமைகளின் மேய்ச்சல் சுருங்கியது, எருமைகளும் குறைந்தன. பைன் காட்டில் நின்று படம் எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அது இந்த மண்ணின் மரம் இல்லை.

உண்மையான சோலையைப் பார்க்கக் கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் லாங்வுட் சோலை போதும். காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் பறவைகள் கிடைக்கும். வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தது. அதில் நீலகிரிப் பாதைகள் நிறைய. கரிக்கியூரிலிருந்து பொறிவரைப் பாறை ஓவியங்களுக்குப் போவதும், ரங்கசாமி மலைக்குப் போவதும் அதில் உண்டு. கூட வரும் வழிகாட்டிகள் பழங்குடி, காட்டோர ஊர் இளைஞர்கள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் கட்டும் பணத்தில் அவர்களுக்கு வருமானம் வருகிறது, நீங்களும் சட்டப்படி நடக்கிறீர்கள். பொறிவரையில் ஓவியங்கள் மீது தம் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். பாறையைக் கையால்கூடத் தொடாதீர்கள், வியர்வையே அந்தச் சாயத்துக்குப் போதும். வனத்துறை அனுமதி இல்லாமல் "நான் கூட்டிப் போகிறேன்" என்று சொல்பவர்களோடு எந்தக் காட்டுக்கும் போகாதீர்கள்.

முதுமலை 1940-ல் சரணாலயமானது, 2007-ல் புலிகள் காப்பகம். சஃபாரியில் புலி தெரியும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தெப்பக்காடு யானை முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரம் அதைவிட நிச்சயமான அனுபவம். ராகியும் கொள்ளும் வேகவைத்து, பெரிய கட்டிகளாகப் பிடித்து, ஒவ்வொரு யானைக்கும் அளவு எழுதி வைத்த பலகையைப் பார்த்துப் பாகன் வாய்க்குள் வைப்பார். பாகன்களிலும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களிலும் பலர் காட்டுநாயக்கர், குறும்பர் சமூகத்தவர், தலைமுறையாகச் செய்கிறவர்கள். யானையைப் பற்றி நிறையத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஓய்வாக இருக்கும்போது மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் தனியாக நடக்கும்போது கவனம் தேவை. குன்னூர், கோத்தகிரியில் காட்டெருமையும் கரடியும் ஊருக்குள்ளேயே நடமாடும். காட்டெருமை சாதுவாக மேய்வது போலத் தெரியும், கிட்டே போனால் பாயும். அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் நடக்காதீர்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள், காட்டுச் சாலையில் இறங்கி நிற்காதீர்கள், ட்ரோன் பறக்க விடாதீர்கள். மூன்றுக்கும் அபராதம் உண்டு.

8. என்ன வாங்கலாம்

தேன் வாங்குவதானால் பழங்குடிச் சேகரிப்பாளர்களிடமிருந்து நேரடியாக வரும் கடைகளில் வாங்குங்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருக்கின்றன. மலைத்தேன் பருவத்துக்குப் பருவம் நிறமும் ருசியும் மாறும். நாவல் பூக்கும் காலத்துத் தேன் லேசாகக் கசக்கும், அது கலப்படம் இல்லை. தோடர் பூவேலையை மந்திலோ அவர்கள் கூட்டமைப்புக் கடையிலோ வாங்கினால் பணம் தைத்தவர் கைக்குப் போகும். பஜாரில் இயந்திரத்தில் அச்சடித்த நகல்களும் விற்கின்றன. துணியைத் திருப்பித் தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கூடலூரில் உண்ணிச்செடிக் குச்சிகளால் யானை உருவங்கள் செய்கிறார்கள். காட்டை மூடிக்கொண்டு புல்லை வளரவிடாத அந்நியச் செடி அது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பரில் ஒரு பிரிவினரான பெட்டகுறும்பர் கைகளில் ஆளுயர யானையாக மாறுகிறது. பெரியதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்றாலும் வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் ஒருவேளையாவது படுகர் வீட்டுச் சமையல் கிடைக்குமா என்று தங்குமிடத்தில் கேளுங்கள். மலை அவரையும் உருளையும் போட்ட குழம்பு, சாமைச் சோறு. குளிருக்கு அதைவிட இதமானது எதுவும் இல்லை.

9. நான்கு நாளை இப்படிப் பிரிக்கலாம்

முதல் நாள் மலை ரயிலில் ஏறி மதியம் ஊட்டி. சாப்பிட்டதும் முத்தோரை பாலாடா அருங்காட்சியகம். மாலை பேருந்தில் கோத்தகிரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இரண்டாம் நாள் காலை லாங்வுட் சோலை, பிறகு முன்பே சொல்லி வைத்த கோத்தர் அல்லது குறும்பர் ஊர் ஒன்று மட்டும். மாலை நேரம் மிஞ்சினால் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களா. ஒரு நாளில் இரண்டு ஊர் வேண்டாம். அவசரமாகப் போனால் உட்கார்ந்து பேச முடியாது. மூன்றாம் நாள் ஊட்டி வழியாகத் தலைகுந்தா, அழைப்பு இருந்தால் முத்தநாடு மந்து, பிறகு கூடலூர் இறக்கம். நான்காம் நாள் காலை தெப்பக்காடு, அங்கிருந்து மைசூர் பக்கமோ கூடலூர் வழியாகத் திரும்பியோ போகலாம்.

மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் கூடலூரை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் என்றால் கோத்தகிரி மட்டும். வயதானவர்கள் கூட வந்தால் மலையேற்றத்தை நீக்கிவிட்டு அருங்காட்சியகத்துக்கும் தெப்பக்காட்டுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் குழந்தைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்டதும் ஆகாது. இரண்டு இட்லி சரியாக இருக்கும், முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஸ்வெட்டர் எல்லா மாதத்திலும் வேண்டும். மழைக்காலத்தில் சோலை நடைக்கு அட்டைப்பூச்சி ஏறாத நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். உட்பகுதி ஊர்களில் கார்டு, இணையப் பணப் பரிமாற்றம் வேலை செய்யாமல் போகலாம். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். திரும்பும் நாளில் சமவெளி ரயிலுக்கும் மலைச் சாலைக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். மழைநாளில் ஒரு மரம் சாய்ந்தாலே சாலை அடைத்துவிடும்.